காயம் என்னும் சொல்லின் எல்லை

சிங்கப்பூரில் தொழிலாளர் சட்டமொன்றைத் தமிழில் ‘வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம்’ என வழங்குகிறோம். அதிலுள்ள ‘காயம்’ என்னும் சொல் புண்ணையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். (பெருங்காயத்தை இங்கே விட்டுவிடுவோம்.) ஆயினும் மனம் புண்பட்டது என்று கூறத் தமிழர் தயங்குவதில்லை. கிரேக்க மொழியில் புண்ணைக் குறித்த ‘டிரௌமா’வும் பின்னாளில் மனப்புண்ணின் பெயராயிற்று. மொழி எளிதில் கடந்த இந்த எல்லையில் சட்டம் நெடுங்காலம் தடுமாறியது. பிறரைக் காக்க ஓடியவர்களின் வழக்குகளில் அத்தடுமாற்றம் தெளிவாகத் தெரிகிறது.

1888ஆம் ஆண்டு, மெல்பர்ன் நகர வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. இருப்புப்பாதையைக் கடந்த குதிரைவண்டியை ரயில் மயிரிழையில் தவறவிட்டது. வண்டியிலிருந்த பெண்மணிக்கு நேர்ந்த அதிர்ச்சிக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் ஒரு கூக்குரல் எழுந்தது. அருகில் வேலைசெய்த தொழிலாளி ஓடிச்சென்று, அடிபட்டுக் கிடந்த தோழரைத் தூக்கினார். தோழர் இறந்தார். தூக்கியவர் உடலில் கீறல்கூட இல்லை; ஆனால் மீண்டும் கரிமுகப்பில் நின்று வேலைசெய்ய அவரால் இயலவில்லை. 1910இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த நரம்பதிர்ச்சியும் விபத்தால் விளைந்த காயமே என்று தீர்ப்பளித்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையில் காயம் நேர்ந்ததா என்பதே கேள்வி. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் ஒரு குடும்பத்தின் அடுப்பெரிந்தது என்றே நான் இத்தீர்ப்பைப் படிக்கிறேன்.

இத்தெளிவு எங்கும் பரவியிருக்கலாம், பரவவில்லை. தவற்றை மெய்ப்பித்து ஈடு கோரும் பொதுச்சட்டம் வேறுவழியில் சென்றது. 1957 திசம்பர் 4ஆம் நாள் இலண்டன் லூயிஷாம் ரயில் விபத்தில் தொண்ணூறு பேர் மாண்டனர். அருகில் வசித்த சாட்விக் என்பவர் இரவு முழுதும் சிதைந்த பெட்டிகளுக்குள் ஊர்ந்து சென்று அடிபட்டோர்க்கு உதவினார், பின்னர் மனநோயுற்றார். அவர் காலமானபின் அவர் மனைவி தொடர்ந்த வழக்கு 1967இல் வென்றது.

ஆனால் 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலில் உயிர்காக்கப் போராடிய காவலர்களுக்கு 1998இல் பிரபுக்கள் சபை ஈடு மறுத்தது. தம் உடலுக்கே ஆபத்து இருந்திருந்தாலோ, இருப்பதாக நியாயமாக நம்பியிருந்தாலோதான் மீட்பவருக்கு ஈடு உண்டு என்றது. சாட்விக் மீது பெட்டி சரிந்திருக்கக்கூடும் அல்லவா என்று பழைய தீர்ப்புக்குப் புதிய உரையும் எழுதப்பட்டது. உறவினரை இழந்தோர் பலருக்குக் கிடைக்காத ஈடு காவலருக்குக் கிடைப்பது நேர்மையா என்ற தயக்கமும் நீதிபதிகளிடம் இருந்தது. தயக்கம் புரிகிறது, ஆயினும் உரையாசிரியர் மூலத்தை வளைப்பதுபோன்ற ஒரு நெருடல் எனக்கு உண்டு.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2016இல் வேறுவழி கண்டது. காவலர், தீயணைப்பாளர், மருத்துவ உதவியாளர் ஆகியோர்க்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோய் இருப்பதாக உளநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதிசெய்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் கொள்ளும். மறுப்போர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். அவசர அழைப்புகளை ஏற்று வண்டி அனுப்புவோரும் அப்பட்டியலில் உள்ளனர். அவர்கள் விபத்தைக் கண்ணால் காண்பதில்லை; அவர்கள் காதில் விழுவதும் கூக்குரல் மட்டுமே.