புத்தர் கறி சாப்பிட்டாரா? வெட்டியவர் யார்?

பௌத்தம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "புத்தர் கறி சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிடுவார். கூடவே, சுந்தன் என்ற கொல்லன் கொடுத்த கடைசி உணவு பன்றிக்கறியா காளானா என்ற சண்டையும் வரும். பாலியில் 'சூகர மத்தவம்' என்றிருக்கும் அந்தச் சொல்லுக்குப் பழைய உரைகளிலேயே ஒரே பொருள் கிடையாது. அதனால் அதை விட்டுவிடுவோம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வினய பிடகத்தில் வரும் சீகன் கதை.

சீகன் வைசாலியின் படைத்தலைவன். முதலில் சமணர்களை ஆதரித்தவன், பிறகு புத்தர் பக்கம் வந்தவன். புத்தரையும் பிக்குகளையும் விருந்துக்கு அழைத்துவிட்டு, சந்தையில் இறைச்சி இருக்கிறதா பார்த்துவா என்று ஓர் ஆளை அனுப்புகிறான். விருந்து நடக்கும்போதே சமணர்கள் தெருத்தெருவாகக் கைகளை உயர்த்திக்கொண்டு கத்துகிறார்கள். சீகன் கௌதமருக்காகப் பெரிய விலங்கைக் கொன்றான், அது தெரிந்தே கௌதமர் சாப்பிடுகிறார் என்பது குற்றச்சாட்டு. சீகனோ அது பொய் என்று மறுக்கிறான். இதன் பிறகுதான் புத்தர் விதி வகுக்கிறார்: தனக்காகக் கொல்லப்பட்டதைப் பிக்கு பார்த்திருக்கக் கூடாது, கேள்விப்பட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் மீனும் இறைச்சியும் உண்ணலாம்.

(மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம் உட்படப் பத்து வகை இறைச்சிக்கு மட்டும் எப்போதும் தடை. சிங்கக்கறி தின்றவனை அந்த வாசனைக்குச் சிங்கங்கள் தாக்கினவாம்! யார் சமைத்துக் கொடுத்தார்களோ.)

பிச்சை எடுத்து உண்பவருக்கு இது பொருத்தமான விதிதான். பாத்திரத்தில் விழுவதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. பிக்குகள் மீனும் இறைச்சியும் அடியோடு விட வேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோது, அதைக் கட்டாயமாக்கப் புத்தர் மறுத்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. பௌத்தத்தில் வினையின் எடை எண்ணத்தில் இருக்கிறது, வயிற்றில் இல்லை.

ஆனால் சீகன் அனுப்பிய ஆளைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். சந்தையில் இருந்த கறி யாருக்காக வெட்டப்பட்டது? பெயர் சொல்லி யாருக்காகவும் இல்லை. வாங்க வருகிற யாருக்காகவும்தான். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது: தின்பதற்காக உலகம் கொல்லாதென்றால், விலைக்குக் கறி விற்கவும் ஆள் இருக்காது. இது பௌத்தர்களுக்குச் சொன்ன பதில் என்று வள்ளுவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் "எனக்காகக் கொல்லவில்லை" என்ற வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் பார்த்ததில்லை.

மணிமேகலை இன்னொரு வழி சொல்கிறது. கப்பல் உடைந்து நாகர்கள் தீவில் ஒதுங்கிய சாதுவன், அவர்களுடைய தலைவனிடம் மூத்து இறக்கும் விலங்குகள் தவிர எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். உண்பவன் கேட்டதும் கேளாததும் அங்கே பிரச்சினையே இல்லை. கொலையே கூடாது.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. இல்லறத்தார் செய்யக்கூடாத வணிகங்கள் என்று அங்குத்தர நிகாயம் ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. சந்தைக் கறியைப் பிக்கு ஏற்கலாம், ஆனால் நல்ல பௌத்தர் அதை விற்கக் கூடாது. அப்படியானால் விற்பது யார்? எனக்குத் தெரிந்து பிடகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சமூகங்கள்தான் பதில் கண்டுபிடித்தன. குளிரும் உயரமுமான திபெத்தில் காய்கறி அரிது, துறவிகளும் கறி தின்றார்கள். லாசாவில் கசாப்புத் தொழில் செய்தவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். உண்பவர் மதம் ஒன்று, வெட்டுபவர் மதம் வேறு. சௌகரியமான ஏற்பாடுதான்.

ஜப்பானில் கதை இன்னும் கசப்பு. 675இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் கறியை நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை தடை செய்தார். மானும் காட்டுப்பன்றியும் பட்டியலிலேயே இல்லை! பின்னர் கொல்லாமையும் ஷிந்தோவின் தீட்டுக் கருத்தும் சேர்ந்துகொண்டன. செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோல் பதனிட்டவர்கள் 'எதா' என்று ஒதுக்கப்பட்டார்கள். 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள்படும் எழுத்துகளால் அந்தப் பெயரை எழுதினார்கள். தோல் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, சாமுராயின் கவசத்துக்கும்கூட. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1871இல் மெய்ஜி அரசு அந்தச் சாதிப் பெயர்களைச் சட்டப்படி ஒழித்தது. 1872இல் பேரரசரே மாட்டுக்கறி உண்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. அதே ஆண்டு, பௌத்தத் துறவிகள் கறி உண்பதும் மணம் செய்வதும் அவரவர் விருப்பம் என்று அரசாணை வந்தது. ஒரே ஆண்டில் அரசருக்கும் துறவிக்கும் தட்டில் கறி வந்துவிட்டது. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ, அவர்கள் வாழும் ஊர்ப் பெயர்களைத் தொகுத்த ரகசியப் பட்டியலை நிறுவனங்கள் விலைக்கு வாங்கி, அதைப் பார்த்து வேலை மறுத்துவந்தது 1975இல் அம்பலமானது.