சிமுலா காட்டின சொர்க்கமும் பி.சி.பி.எல். காட்டின நரகமும்

புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா பொட்டி தட்டுற இடத்துல ஒரு குழாயடிச் சண்டை நிச்சயம். டிசைனை ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்டா வரைஞ்சாச்சு, எந்த மொழியில எழுதுறது? ஜாவான்னு ஒரு கோஷ்டி, சி++-ன்னு இன்னொரு கோஷ்டி. இதே சண்டையைத் தனியாளா, தனக்குள்ளேயே போட்டவர் ஒருத்தர் இருக்கார்.

முதல்ல கொஞ்சம் முன்கதை. 1960-களில் ஆஸ்லோவில், நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட்னு ரெண்டு பேர் சிமுலாங்கிற மொழியை உருவாக்கினாங்க. வரிசையில் நிற்கும் ஆட்கள், தொழிற்சாலை இயந்திரங்கள் மாதிரி நிஜ உலக விஷயங்களைக் கணினிக்குள்ள ஓட்டிப் பார்க்கிறதுதான் நோக்கம். க்ளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாமே சிமுலா 67-லயே வந்தாச்சு.

1970-களில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செஞ்ச பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப்புக்கு ஒரு சிமுலேட்டர் எழுத வேண்டியிருந்தது. சிமுலாவை எடுத்தார். மனசுல இருந்த டிசைன் அப்படியே க்ளாஸ்களா வந்து உட்கார்ந்துச்சு. தப்புகளைக் கம்பைலரே பிடிச்சுக் கொடுத்துச்சு. சொர்க்கம்!

ஓட்டிப் பார்த்தப்போதான் வினை. நேரத்துல 80 சதவீதத்தை கார்பேஜ் கலெக்டரே தின்னுடுச்சு. கொடுமை என்னன்னா, அவரோட நிரல்ல குப்பையே உருவாகல! ஆய்வு பாதியில நின்னுடக்கூடாதேன்னு மொத்தத்தையும் பி.சி.பி.எல்.-ல திரும்ப எழுதினார். அதுல டைப் செக்கிங் கிடையாது, க்ளாஸும் கிடையாது. வேகம் மட்டும் இருந்துச்சு. எழுதுறதும் பிழை தேடுறதும் நரக வேதனை.

இவ்வளவு பொருந்தாத கருவியோட இனி எந்த வேலையிலும் இறங்குறதில்லைன்னு அப்பவே முடிவு பண்ணிட்டார். 1979-ல பெல் ஆய்வகத்துல சேர்ந்ததும் சிமுலாவோட க்ளாஸை சி மொழியோட வேகத்துல ஒட்டவைக்க ஆரம்பிச்சார். 1983-ல அதுக்கு சி++-ன்னு பேர் வந்துச்சு, 1985-ல வெளியே வந்துச்சு.

இலவசமா இல்லீங்க. கார்பேஜ் கலெக்டர் இல்லாததால மெமரியை நாமளே கட்டி மேய்க்கணும். அதுல அடிபட்டவங்களுக்காக 1995-ல ஜாவா கார்பேஜ் கலெக்டரை மறுபடி கூட்டிட்டு வந்துச்சு.

டாலுக்கும் நிகார்டுக்கும் 2001-க்கான டூரிங் விருது கிடைச்சது. 2002-ல ரெண்டு பேருமே அடுத்தடுத்து காலமாயிட்டாங்க.

எனக்குப் புரிஞ்சது இதுதான். டிசைனை அப்படியே சொல்ல விடுதான்னு மட்டும் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுத்தா பத்தாது, அப்படிச் சொல்றதுக்கு ஓடும்போது என்ன கூலி கேட்குதுன்னும் பார்க்கணும். ரெண்டுக்கும் ஒரே மொழி கிடைக்காம அவர் புதுசா ஒண்ணு செய்ய வேண்டியதாச்சு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ஒரு சின்னப் பகுதியை எழுதி ஓட்டிப் பார்த்துட்டு அப்புறமா சண்டை போட்டா போதும்.