அக்கிலீஸின் பூண்டு

டிராய்ப் போர்க்களம். தொடையில் அம்பு தைத்துத் துன்புறுகிறான் யூரிப்பிலஸ். பட்ரோக்கிளஸ் அம்பை அகற்றி, கசப்பான வேரொன்றைக் கசக்கிப் புண்ணில் வைக்கிறான். குருதி நிற்கிறது. அந்த வைத்தியம் மாவீரன் அக்கிலீஸ் கற்றுக் கொடுத்தது என்கிறது ஹோமரின் இலியத் காவியம்.

அந்த மூலிகை எது? ஹோமர் பெயர் சொல்லவில்லை. ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும், ஆங்கிலத்தில் 'யாரோ' எனப்படும் பூண்டே அது என்று பிற்காலத்தார் கருதினர். 1753-இல் லின்னேயஸ் அதை 'அக்கிலியா மில்லிஃபோலியம்' என்று பதிவு செய்தார். மில்லிஃபோலியம் என்றால் ஆயிரம் இலை; இலை அவ்வளவு நுண்ணிய பிளவுகள் கொண்டது. ஒன்றைக் கவனியுங்கள்: காவியம் கூறுவது வேர், மக்கள் பெரிதும் பயன்படுத்தியதோ இலையும் பூவும். ஆகவே கதை சான்றாகாது.

விஞ்ஞானிகள் செடிக்குள்ளேயே சான்று தேடினர். அதிலிருந்து பிரித்தெடுத்த அக்கிலீன் என்னும் அல்கலாய்டு, முயல்களில் குருதி உறையும் நேரத்தைக் குறைப்பதாக 1954-இல் அறிவிக்கப்பட்டது. பூக்களை நீராவியில் வடித்தால் சிலவகைச் செடிகள் நீலநிறத் தைலம் தருகின்றன. வியப்பு என்னவென்றால், அந்த நீலப்பொருளான கமாசுலீன் செடியில் இல்லை! செடியிலுள்ள நிறமற்ற பொருள் வடிக்கும்போது மாறி அதுவாகிறது.

சரி, கிருமிகளைக் கொல்லுமா? சீழ் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில பாக்டீரியங்களின் வளர்ச்சியை இதன் சாறும் தைலமும் ஆய்வுக்கூடத்தில் தடுத்துள்ளன. ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனிதப் புண் வேறு. 1928-இல் ஃபிளெமிங் தட்டில் கண்ட பென்சிலினும், 1941 முதல் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்தாயிற்று. அக்கிலியா இன்னும் அந்தத் தேர்வில் தேறவில்லை.