விளையாட்டும் வேற்றுமொழியும்

அந்நிய மொழியொன்றைக் கற்பதற்கு அறிவு மட்டும் போதாது. நாளுக்கு நாள் தளராத ஊக்கமும் வேண்டும். அவ்வூக்கத்தை உண்டாக்க உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த கருவி பிரம்பேயாகும். ஐரோப்பாவில் இலத்தீன் அறிந்தவனுக்கே குருவாகவும், வக்கீலாகவும், வைத்தியனாகவும் உயரும் வழி திறந்திருந்த காலத்தில், பிள்ளைகள் அம்மொழியை அடிபட்டே கற்றனர். பிரம்பை விலக்கி விளையாட்டைக் கைக்கொண்டோர் வரலாறு நாம் அறியத்தக்கது.

பிரான்சு தேசத்துப் பிரபு ஒருவரின் மகனாக 1533-ல் பிறந்தவர் மொந்தேன் என்னும் கட்டுரையாசிரியர். அவர் பேசத் தொடங்குமுன்னரே, தந்தையார் பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியரொருவரை வீட்டில் அமர்த்தினார். தாய், தந்தை, பணியாட்கள் யாவரும் தாம் அறிந்த இரண்டொரு இலத்தீன் சொற்களைக் கொண்டே குழந்தையிடம் பேசவேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. அடியின்றி, அழுகையின்றி, இலக்கண நூலுமின்றி அச்சிறுவன் இலத்தீனைத் தாய்மொழிபோற் பேசினான். சுற்றுப்புறக் கிராமத்தாரும் சில கருவிகளுக்கு இலத்தீன் பெயர்களை வழங்கலாயினர். கிரேக்கத்தையோ தந்தையார் விளையாட்டாகக் கற்பிக்க எண்ணினார். வேற்றுமை உருபுகளைப் பந்துபோல் ஒருவர்மேலொருவர் வீசிப் பயிலும் முறை அது. விளைந்த பயன் யாது? தமக்குக் கிரேக்கம் ஏறக்குறைய ஒன்றுமே விளங்காது என்று மொந்தேனே பிற்காலத்தில் எழுதினார். பொர்தோ நகரப் பள்ளியிற் சேர்ந்தபின் இலத்தீனும் கெட்டதென்றார். பேச ஆளிருந்தவரை மொழி செழித்தது. ஆட்டமாக மட்டும் வந்த மொழி வேரூன்றவில்லை.

பிரபுவின் பிள்ளைக்குத் தனியாசிரியர் கிடைப்பார். ஏழையின் பிள்ளைக்கு யார் கிடைப்பார்? மொராவியாவில் 1592-ல் பிறந்து, மதப்போரால் நாடிழந்து அலைந்த கொமேனியஸ் இதற்கு விடை தேடினார். செல்வர் வறியர், ஆண் பெண் என்னும் பேதமின்றி யாவருக்கும் கல்வி வேண்டும் என்பது அவர் கொள்கை. 1631-ல் அவர் வெளியிட்ட இலத்தீன் பாடநூலின் பெயரே ‘திறக்கப்பட்ட மொழி வாயில்’ என்பது. 1650 முதல் 1654 வரை ஹங்கேரியின் ஷாரோஷ்பதாக் என்னும் ஊரிற் பணியாற்றியபோது, அந்நூலின் பொருளை எட்டு நாடகங்களாக்கி மாணவரை நடிக்கச் செய்தார். ‘பள்ளியே விளையாட்டு’ என அத்தொகுதிக்குப் பெயரிட்டார். 1658-ல் நூரம்பர்க் நகரில் அவருடைய சித்திரப் பாடநூல் வெளிவந்தது. படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் பெயர்கள் இலத்தீனிலும் ஜெர்மனிலும் அச்சிடப்பட்டன. காகம் கரைதல், ஆடு கத்துதல் முதலிய ஒலிகளைக்கொண்டே எழுத்துக்கள் கற்பிக்கப்பட்டன. அவருடைய நாடகத்தில் எதிரே நின்று மறுமொழி கூற ஒரு தோழன் இருந்தான் என்பதை வாசகர் மறவாதிருப்பாராக.

அத்தோழனின் இடத்திற்கு இயந்திரம் வந்தது அண்மைக் கதை. 1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் வைசன்பாம், தட்டச்சு வழியே உரையாடும் கணினி நிரல் ஒன்றை வெளியிட்டார். பெர்னாட்ஷாவின் நாடகத்தில் நாகரிகப் பேச்சுக் கற்கும் பூக்காரியின் பெயரால் அதற்கு எலைசா என்று பெயர். பொருள் ஏதும் உணராது, கேட்ட சொல்லையே திருப்பிப்போட்டு வினவிய அதனிடம் மக்கள் மனம்விட்டுப் பேசியது கண்டு, ஆக்கியவரே திடுக்கிட்டார்.

குவாதமாலாவிற் பிறந்த லூயி வான் ஆனும், சுவிட்சர்லாந்திற் பிறந்த செவரின் ஹாக்கரும் 2011-ல் தொடங்கிய டியோலிங்கோ, 2012-ல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறக்கப்பட்டது. பாடத்துக்குப் புள்ளி, விடாது பயின்ற நாட்களுக்குக் கணக்கு, போட்டியாளர் வரிசை என யாவும் விளையாட்டின் அமைப்பே. ஏழை நாட்டில் ஆங்கிலம் கற்கப் பணம் வேண்டியிருப்பதைக் கண்டே இதைத் தொடங்கியதாக வான் ஆன் கூறியுள்ளார். ஆயினும் 2023-ல் செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் பகுதி வந்தபோது, அது உயர்ந்த கட்டணம் செலுத்துவோர்க்கே கிட்டியது. வாயில் திறந்தது; உள்ளறைக்கு மீண்டும் கூலி கேட்கப்பட்டது.

இயந்திரத்தின் நன்மையை மறுப்பது பகுத்தறிவாகாது. பிழையாகப் பேசினால் அது நகைப்பதில்லை. நூறுமுறை கேட்டாலும் சினப்பதில்லை. வயது வந்தோர் நாவைக் கட்டும் வெட்கம் அதன்முன் அகலுகிறது. எனினும், நாட்கணக்கு முறியாதிருக்க நள்ளிரவுக்குமுன் எளிய பாடமொன்றை அவசரமாக முடிப்பவன் கணக்கை வளர்க்கிறானேயன்றி மொழியை வளர்ப்பதில்லை. மொந்தேனின் கிரேக்கம் நமக்குக் கூறும் எச்சரிக்கை இதுவே.

ஆகவே தோழர்களே! விளையாடிக் கற்க நாணவேண்டாம்; இயந்திரத்தோடு பேசிப் பழகவும் தயங்கவேண்டாம். ஆனால் இரவில் புள்ளிகளை எண்ணுமுன், “இன்று அம்மொழியில் எந்த மனிதரோடு பேசினேன்?” என்று எண்ணுங்கள். மலாயும் சீனமும் பேசுவோர் நமக்குக் கூப்பிடு தொலைவிலேயே வாழ்கின்றனர். அவர்களோடு பேசுவதற்குக் கட்டணம் ஏதுமில்லை.