தோகையில் நிற்காத துளி

கார்த்திகை மாதத்தில் மழை வெறித்த காலை, திருவையாற்றுப் பக்கம் ஏதாவது ஒரு சம்பா வயலின் வரப்பில் குனிந்து பாருங்கள். நெல் தோகையின் மேல் மழைத்துளி பரவாமல் கண்ணாடிக் கோலி போல உருண்டு நிற்கும். விரலால் லேசாகச் சுண்டினால் தோகையின் நீளவாக்கிலேயே ஓடி இறங்கிவிடும். மருந்தடிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. வேப்பெண்ணெயோடு காதி சோப்புக் கரைசலோ ஒட்டும் திரவமோ சேர்த்தால்தான் மருந்து தோகையில் நிற்கும்.

துளியை இப்படி ஓடவைப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடுபள்ளம். அது வயலிலிருந்து ஆய்வுக்கூடம் வரை போன பயணம் நெடியது.

தொடக்கம் பாறையில். பாறையும் மண்ணும் கரைந்து வரும் சிலிக்காவை நெல் ஆசையோடு உறிஞ்சும். வேரில் அதற்கென்று தனி வாசலே உண்டு. அந்த வாசலுக்கான மரபணுவை ஜப்பானில் ஜியான் ஃபெங் மாவின் குழு 2006இல் கண்டுபிடித்தது. மேலே ஏறிய சிலிக்கா தோகையில் படிகிறது. களையெடுக்கும் கையைத் தோகை அறுப்பது அதனால்தான். அந்த மேல்தோலில், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மொட்டுகள் நிற்கின்றன. அவற்றின் மேல் நானோ அளவில் மெழுகு படர்ந்திருக்கிறது.

அந்த மொட்டுகள் நடவு வரிசை போல நீளவாக்கில் ஒழுங்காகவும், குறுக்குவாக்கில் ஒழுங்கின்றியும் இருப்பதை 2002இல் பெய்ஜிங்கில் லெய் ஜியாங்கின் குழு காட்டியது. நீளவாக்கில் 3 முதல் 5 பாகை சாய்த்தாலே துளி உருளும். குறுக்கே உருள 9 முதல் 15 பாகை வேண்டும்.

இதே தோகையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் வெள்ளித் தகடு போல மின்னும். மேடுபள்ளத்தில் சிக்கிய காற்றுப் படலம் அது. மூழ்கிய நெல் இந்தக் காற்றின் வழியாக மூச்சுவிடுவதை 1983இல் ராஸ்கினும் கெண்டேயும் எழுதினார்கள். படலத்தை நீக்கினால் மூழ்கிய பயிரின் மூச்சும் வளர்ச்சியும் குன்றுவதை 2009இல் பெடர்சனும் கோல்மரும் சோதித்துக் காட்டினார்கள்.

பயணத்தின் அடுத்த கட்டம் தோகையை அச்செடுப்பது. அச்செடுப்பு தஞ்சைத் தரணிக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின் மேல் காவிரியின் நைசான வண்டலைப் பூசுகிறார்கள். மெழுகில் கீறிய நகைவேலையெல்லாம் அந்த வண்டலில் அப்படியே பதிகிறது. ஆய்வுக்கூடத்தில் வண்டலுக்குப் பதில் திரவ சிலிக்கோன் ரப்பர். அதன் மூலப்பொருளும் மணலிலிருந்து வருவதுதான். பத்துப் பங்கு ரப்பருக்கு ஒரு பங்கு இறுகுபொருள் கலந்து, காற்றுக் குமிழிகளை வெற்றிடத்தில் வெளியேற்றி, தோகையின் மேல் ஊற்றுகிறார்கள். இறுகியதும் உரித்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் பதிந்திருக்கும். அதில் மறுபடி வார்த்தால் தோகையின் நகல் கிடைக்கும். சுவாமிமலையில் ஒரு சிலைக்கு ஓர் அச்சு, உடைத்தாக வேண்டும். இந்த அச்சு பல முறை உழைக்கும்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிக்ஸ்லரும் பரத் பூஷணும் நெல் தோகை வடிவத்தை இப்படி வார்த்து, அதில் அழுக்கு ஒட்டாததையும் நீரோட்டத்துக்குத் தடை குறைவதையும் 2012இல் அளந்தார்கள். மெழுகின் நானோ நுணுக்கம் அச்சில் முழுதாக வராது என்பதால் மேலே நானோத் துகள் பூச வேண்டியிருக்கிறது. வார்த்த பிறகும் வடிவத்தை மாற்றலாம். ரப்பர் நகலை இழுத்தால் மேடுகளின் இடைவெளி விரிந்து துளி நடக்கும் விதம் மாறும். விட்டால் பழையபடி கூடும்.

ஆனால் இந்த வடிவம் தன் சொந்த வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் ஆசை. வடகிழக்குப் பருவமழையில் சம்பா நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும்போது காற்றுப் படலம் மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. படலத்தைத் தாங்கும் மெழுகுக்குப் பொறுப்பான எல்ஜிஎஃப்1 மரபணுவை நாகோயா பல்கலைக்கழகத்தார் 2018இல் அறிவித்தார்கள். வெள்ளம் தாங்கும் சிஆர் 1009 சப் 1 ரகம் டெல்டாவில் ஏற்கெனவே விளைகிறது. படலத்தை இன்னும் சில நாள் பிடித்துவைக்கும் ரகமும் நம் வயலுக்கு வர வேண்டும்.

அடுத்த முறை வயல் மூழ்கும்போது தண்ணீருக்குள் உற்றுப் பாருங்கள். தோகை வெள்ளியாக மின்னினால் பயிருக்கு இன்னும் மூச்சிருக்கிறது.