மணவாளக்குறிச்சியிலிருந்து முத்தலக்குறிச்சிக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரண்டு குறிச்சிகளைப் பற்றி இங்கே பேசப் புகுகிறோம். ஒன்று கடலோரத்து மணவாளக்குறிச்சி. மற்றொன்று தக்கலையை அடுத்த முத்தலக்குறிச்சி. நுட்பமாகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகத்தீஸ்வரமும் மட்டுமே. இவ்விரு ஊர்களும் கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் மாவட்டம் முழுவதையும் அப்பெயரால் சுட்டும் இன்றைய வழக்கை நாமும் மேற்கொள்கிறோம். முதல் குறிச்சியிலிருந்து உலகுக்கு வெளிச்சம் போயிற்று. நூறாண்டுக்கும் மேல் கழிந்தபின், இரண்டாம் குறிச்சிக்கு உலகிலிருந்து வெளிச்சம் வரத் தொடங்கியது.

1909ஆம் ஆண்டில், திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றுப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். மணல் வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சியை அடைந்து, அங்கே அதனைப் பிரித்தெடுக்கும் தொழிலையும் தொடங்கினார். மோனசைட்டில் தோரியம் உண்டு. ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் செம்மைப்படுத்திய விளக்கு மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸில் கட்டிய வலையும் அவ்வகையினதே. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகள் அதனால் வெண்மையாய் ஒளிர்ந்தன. மணலை வாரிக் கொடுத்த கரையில் அன்று எண்ணெய் விளக்குதான் எரிந்தது. முதல் உலகப்போரின்போது தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. 1950இல் உருவான இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பின்னாளில் மணவாளக்குறிச்சி ஆலையை ஏற்றது.

இனி இரண்டாவது வெளிச்சத்தின் கதை. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் கொலாடன் என்பார், தொட்டியிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். ஒளி நீரைவிட்டு வெளியேறாமல் அதனோடு வளைந்து சென்றது. முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் நாம் படித்தது இதுவே. 1954இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாரல்ட் ஹாப்கின்ஸும், கண்ணாடி இழைக் கற்றையின் வழியே ஒரு பிம்பத்தையே கடத்த முடியும் என்று காட்டினர். ஆனால் அன்றைய இழைகளில் ஒளி தொலைதூரம் தாங்கவில்லை. குறை இழையில் இல்லை, கண்ணாடியில் கலந்த அழுக்கில்தான் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினர். கிலோமீட்டருக்கு இழப்பு 20 டெசிபலுக்குக் கீழே வந்தால் போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினால் போதும். 1970இல் கார்னிங் நிறுவனம் அந்த இலக்கை எட்டியது. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் கடந்த பின்னும் பாதி ஒளி மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது; கபானிக்குக் கிடைக்கவில்லை.

ஒளி விரைந்து ஓடுவதால்தான் ஃபைபர் இணையம் வேகமானது என்று பலரும் எண்ணுவர். அது முழு உண்மையன்று. செம்புக் கம்பியிலும் மின்குறிகை ஏறத்தாழ அதே விரைவில்தான் செல்கிறது. வேறுபாடு கொள்ளளவில் இருக்கிறது. பேச்சுக்கென இழுத்த செம்புக் கம்பியில் தூரம் ஏற ஏற உயர் அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். கண்ணாடியில் அந்தத் தேய்வு மிகக் குறைவு. ஆகவே நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒளியை மாற்றி மாற்றிச் செய்தி அனுப்பலாம். வாய்க்காலுக்கும் பேராற்றுக்கும் உள்ள வேறுபாடு என்று கொள்ளலாம்.

நாஞ்சில் நாட்டு உழவருக்கு இதன் வீட்டுப் பகிர்வை விளக்குவது எளிது. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, வழியில் ஒரு சிறு பெட்டிக்குள் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. நிலையம் அனுப்பும் ஒளி எல்லா வீடுகளுக்கும் போகும். ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வீடுகளிலிருந்து திரும்பும் செய்தியோ வேறு அலைநீளத்தில், முறை வைத்துச் செல்லும். பேச்சிப்பாறைத் தண்ணீரைக் கடைமடை வரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று.

1995 ஆகஸ்ட் 15இல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. நாம் மாணவராயிருந்த நாள்களில், நாகர்கோவிலின் பிரவுசிங் சென்டரில் மதுரைத் திட்டத்தின் ஒரு நூல் திரையில் இறங்குவதற்குள் ஒரு தேநீர் குடித்து வந்துவிடலாம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணி, 2022இல் முத்தலக்குறிச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் ஊராட்சி வரை வருவது வேறு, வீடு வரை வருவது வேறு. 2020இல் இணையவழி வகுப்பு எடுத்தபோது, மலையோரத்து மாணவி ஒருத்தியின் பெயருக்கு நேரே பல நாள் ‘வரவில்லை’ என்று குறித்தோம். சிக்னல் தேடி அவள் பக்கத்துப் பாறையில் ஏறி அமர்ந்திருந்தாள் என்பது பின்னரே தெரிந்தது. அந்தப் பதிவேட்டைத் திருத்தினோம். ஆனாலும் மனம் ஆறவில்லை.

மணவாளக்குறிச்சி மணல் கரையேறிப் போனபோது, அது எங்கே போகிறது, எதற்குப் பயன்படும் என்று ஊரார் கேட்டறிய வழியில்லை. இன்று கேட்க வழியுண்டு. நம் ஊராட்சிக்கு வந்த இழை பள்ளிக்கும் நூலகத்துக்கும் போயிற்றா, கடைசி வீட்டுக்கு எப்போது போகும் என்று கிராமசபையில் கேட்கலாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்காமல் இருந்தவர்களா நாம்?