உலு கிள்ளான் குன்றின் கதை

பனி நாடுகளில் சறுக்குக் கட்டைகளுடன் மலையேறுவோர், புதுப்பனியில் இறங்குமுன் ஒரு குழி தோண்டிப் பார்ப்பதுண்டு. குழியின் சுவரில் அப்பனிக்காலத்தின் வரலாறு முழுவதும் அடுக்கடுக்காய்த் தெரியும். இடையே சர்க்கரைபோல் ஒட்டாத அடுக்கு ஒன்று இருந்துவிட்டால், மேலே கிடக்கும் பாளம் ஒருவர் கால் வைத்த மாத்திரத்தில் பிளந்து சரியக்கூடும். சுவிட்சர்லாந்தின் தாவோஸ் ஆய்வு நிலையம் 1945 முதல் இதுபற்றி மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. தமிழரும் இவ்வாபத்தை அறியாதவரல்லர். 2016 பிப்ரவரி 3 ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில் புதையுண்ட பத்து வீரர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பனி ஏது எனலாம். ஆனால் நம் குன்றுகளும் தமக்கு நேர்ந்ததை உள்ளே வைத்திருப்பவையே. கருங்கல் உளுத்து மண்ணான சரிவுகள் இவை. நீர் உட்புகுந்தால் பிடிமானம் தளரும்.

உலு கிள்ளானில் 12 மாடிகள் கொண்ட ஹைலண்ட் டவர்ஸ் கட்டடங்கள் மூன்றும் 1974க்கும் 1982க்கும் இடையே எழுந்தன. பின்புறக் குன்றில் ஓர் ஓடை ஓடியது. அதைக் குழாய்களில் அடைத்துத் திருப்பினர். சரிவைப் படிப்படியாய் வெட்டித் தடுப்புச் சுவர்கள் எழுப்பினர். 1991 இல் உச்சியில் வேறு வீடமைப்புக்காகக் காடு அழிக்கப்பட்டது. மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு கீழே பாய்ந்தது. குழாய்கள் அதைத் தாங்கவில்லை. நீர் சரிவிலேயே ஊறிற்று.

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல். பத்து நாள் அடைமழைக்குப் பின் தடுப்புச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்ந்தன. முதற் கட்டடத்தின் அடித்தூண்கள் தண்டவாள இரும்பால் ஆனவை. மேலிருந்து வரும் பாரத்தை அவை சுமந்தன. பக்கவாட்டில் நெருக்கிய மண்ணைத் தாங்க அவற்றால் இயலவில்லை. கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டனர்.

இதை இயற்கையின் சீற்றம் என்று சொல்லிவிடுவது எளிது, நான் ஒப்பமாட்டேன். நீதிமன்றமும் ஒப்பவில்லை. 2000 ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், கட்டியவர், பொறியாளர், அண்டை நில உரிமையாளர் எனப் பலர்மீதும் பொறுப்பைப் பங்கிட்டது. நகராட்சிக்கு 15 விழுக்காடு. 2006 இல் கூட்டரசு நீதிமன்றம், இடிவதற்கு முந்திய குறைகளுக்கு நகராட்சியைப் பொறுப்பாக்கச் சட்டம் இடந்தரவில்லை என்றது. பிழைத்தவர்களுக்கு அது கசப்பாய்த்தான் இருந்திருக்கும்.

நம் தோட்டங்களில் ஒரு பழைய பாடம் உண்டு. தொடக்கத்தில் துரைமார் ரப்பர் மரங்களின் அடியில் ஒரு புல்லும் விடாமல் களையெடுக்கச் செய்தனர். மேல்மண் ஆற்றோடு போயிற்று. பட்டபின்பே சரிவுகளில் வரப்பு வெட்டி, கொடிப்பயிர் பரப்பக் கற்றனர். வீடு கட்டுவோர் அதைக் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. அதே வட்டாரத்தில் 2002 நவம்பரிலும் 2008 டிசம்பரிலும் மீண்டும் மண் சரிந்தது, உயிர்கள் போயின.

2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலை அடைபட்ட பின், 2004 இல் பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. ஆயினும் 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலியில் ஒரு கூடார முகாம்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறைக் காலம் அது. மாண்டவர்களுள் கோலாலம்பூர்ச் சீனப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இருந்தனர்.